காலுக்குள் ரத்தக்கட்டி! ஊசித் துளை வழியாக உறிஞ்சி எடுக்கிறார்கள்: 14 நாள் கெடு!

கெண்டைக்காலிலோ தொடையிலோ ஆழமாக ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக் கொண்டால், அது உயிருக்கே உலை வைத்து விடும். அந்தக் கட்டியை இப்போது காலைக் கிழிக்காமல், முழங்காலுக்குப் பின்னால் ஒரு ஊசித் துளை போட்டு டாக்டர்கள் வெளியே எடுக்கிறார்கள்.

ஆனால் இந்த வைத்தியம் எல்லோருக்கும் தேவை இல்லை. யாருக்குத் தேவையோ, அவர்களுக்கு நாள் கணக்கு முக்கியம். "சுளுக்காக இருக்கும்" என்று தைலம் தேய்த்துக் கொண்டு வீட்டிலேயே கிடந்து விட்டு, மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் வழி குறுகி விடுகிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பால் உறைவது போல...

இருதயம் காலுக்கு அனுப்புகிற ரத்தம் மறுபடியும் மேலே ஏறி வர வேண்டும். பாதத்தில் இருந்து இடுப்பு வரை ஏறு மாடி. அதைத் தள்ளி ஏற்றுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை இறுகும். ரத்தம் மேலே ஏறும். கீழே திரும்பி விடாமல் குழாய்க்குள் குட்டிக் குட்டி வால்வுகள் கதவு சாத்திக் கொள்ளும்.

சதை அசையாமல் கிடந்தால் ரத்தம் தேங்கும். தேங்கினால், உறை ஊற்றிய பால் போல உறையும்.

ரத்தம் தேங்குவது, குழாயின் உள்சுவர் அடிபடுவது, ரத்தமே கெட்டிப்படும் குணம் கொண்டிருப்பது. இந்த மூன்றும்தான் காரணம் என்பார்கள் டாக்டர்கள். ஜெர்மன் நாட்டு டாக்டர் ருடால்ப் விர்க்கோவ் 1856-ல் எழுதியதில் இருந்து வந்த கணக்கு இது. இன்றைக்கும் டாக்டர் படிப்பு படிக்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் இதைப் படிக்கிறார்கள்.

கட்டி காலிலேயே இருந்தால் வீக்கமும் வலியும்தான். அதில் ஒரு துண்டு பிய்ந்தால்தான் வினை! அது ரத்தத்தோடு மேலே ஓடும். இருதயத்துக்குள் போய், நுரையீரலுக்குப் போகும் குழாயில் அடைத்துக் கொள்ளும். பெரிய துண்டாக இருந்தால் சில நிமிடத்தில் கதை முடிந்து விடும்.

உட்கார்ந்தபடியே செத்தார்கள்

"சும்மா உட்கார்ந்திருந்தால் சாவு வருமா?" என்று கேட்கலாம். வந்திருக்கிறது!

1940-ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. ஜனங்கள் இரவெல்லாம் பதுங்கு இடங்களில் கிடந்தார்கள். படுக்க இடம் இல்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். குண்டுக்குத் தப்பியவர்கள், காலையில் எழுந்து நடந்தபோது பொத்தென்று விழுந்து செத்தார்கள்.

பிரேத பரிசோதனை டாக்டர் கீத் சிம்சனுக்கு சந்தேகம் வந்தது. கணக்கெடுத்தார். நுரையீரல் அடைத்துச் செத்தவர்கள், முந்தின வருடத்தை விட 6 மடங்கு! நாற்காலியின் முன்சட்டம் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாயை அழுத்தியதுதான் காரணம் என்று அதே வருடம் எழுதினார். பதுங்கு இடங்களில் படுக்கை போட வேண்டும் என்ற பேச்சு பலப்பட்டது.

2003-ல் ஈராக் யுத்தம். அமெரிக்க டெலிவிஷன் நிருபர் டேவிட் புளூம் ராணுவ வண்டியிலேயே போய்ச் செய்தி கொடுத்தார். வண்டிக்குள் கால் நீட்ட இடம் இல்லை. முழங்காலை மடக்கியபடி இரவு பகலாகக் கிடந்தார். காலில் வலி வந்தது. டெலிபோனில் டாக்டரிடம் கேட்டார். "ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்" என்று சொன்னதாக அவருடைய மனைவி பின்னால் சொன்னார். ஆஸ்பிரின் மாத்திரையைப் போட்டுக் கொண்டு அவர் வேலையைப் பார்த்தார்.

ஏப்ரல் 6-ந் தேதி அவர் இறந்தார். துப்பாக்கிக் குண்டு படவில்லை. காலில் இருந்த கட்டி நுரையீரலுக்குப் போய் விட்டது. வயது 39.

நிக்சன் பட்ட பாடு

காலில் கட்டி வந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த நிக்சன் கதையைப் பார்த்தாலே தெரியும்.

1974 ஆகஸ்டு 9-ந் தேதி பதவியை விட்டார். அதற்கு முன்பிருந்தே இடது கால் வீங்கி இருந்தது. செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கட்டித் துண்டு ஒன்று நுரையீரலுக்குப் போய் விட்டதாக டாக்டர்கள் அறிவித்தார்கள். மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டி அடங்கவில்லை.

அக்டோபர் 29-ந் தேதி ஆபரேஷன். இடுப்புப் பக்கம் ஏறும் ரத்தக் குழாயில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தம் போகும், பெரிய கட்டி போகாது. அவ்வளவுதான் ஏற்பாடு. கட்டியை எடுக்கவில்லை!

ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் உள்ளே ரத்தக் கசிவு. ரத்த அழுத்தம் விழுந்தது. நிக்சன் மயங்கினார். பிழைத்ததே பெரிய பாடு. 'வாட்டர்கேட்' வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வர அவரால் முடியவில்லை. நீதிபதி 3 டாக்டர்களை அனுப்பிப் பார்த்து விட்டு வரச் சொன்னார். அவர்களும் "முடியாது" என்றே சொன்னார்கள்.

எலி விஷம் மாத்திரை ஆனது

இன்றைக்கும் காலில் கட்டி வந்தால் முதல் வைத்தியம் மருந்துதான். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து. 'பிளட் தின்னர்' என்பார்கள்.

இதில் பழைய மாத்திரை 'வார்பரின்'. அது வந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம், கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி, பால் கேனில் உறையாத ரத்தத்தை எடுத்துக் கொண்டு, பனியில் பல மைல் கடந்து கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியிடம் போனார். லிங்க் கூட்டத்தார் பல வருடம் ஆராய்ந்து, தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் வார்பரின். 1948-ல் எலி விஷமாகக் கடைக்கு வந்தது!

1954-ல் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. 1955-ல் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள்.

இப்போது ரிவராக்சபன், அபிக்சபன் என்று புது மாத்திரைகள் வந்து விட்டன. வார்பரின் சாப்பிட்டால் அடிக்கடி ரத்தம் எடுத்து சோதிக்க வேண்டும். புது மாத்திரைக்கு அந்தத் தொல்லை குறைவு. சாதாரணமாகக் குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டும்.

ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். இந்த மருந்து கட்டியைக் கரைக்காது. வளராமல் நிறுத்தும். கரைக்கும் வேலையை உடம்பே மெல்ல மெல்லச் செய்யும். கெண்டைக்கால் கட்டிக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

தொடையில் இருந்து இடுப்பு வரை நீளமாக அடைத்துக் கொண்டால்தான் சிக்கல். உடம்பு கரைத்து முடிப்பதற்குள் வால்வுகள் கெட்டு விடும். அப்புறம் வருடக்கணக்கில் கால் கனக்கும், வீங்கும். கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும். சிலருக்கு ஆறாத புண்ணும் வரும். நின்று வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது பிழைப்பையே கெடுத்து விடும்.

குழாய் நுழைவது எப்படி?

இந்த இடத்தில்தான் ஊசித் துளை வைத்தியம் வருகிறது.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். முழங்காலுக்குப் பின்னால் மரத்துப் போக ஊசி போடுவார்கள். ஸ்கேனில் பார்த்துக் கொண்டே ரத்தக் குழாயில் துளை போடுவார்கள். அதன் வழியே தலைமுடி மாதிரி வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பி போகும். கம்பி கட்டியைத் துளைத்துக் கொண்டு மேலே ஏறும். கம்பி மேலேயே ஒரு மெல்லிய குழாயைத் தள்ளுவார்கள். இதெல்லாம் எக்ஸ்ரே திரையில் தெரியும்.

பிறகு இரண்டு வழி.

ஒன்று, கரைப்பது. குழாயில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அதன் வழியே கட்டியின் நடுவிலேயே மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு நாள் முழுக்கக் கூட இறங்கும். அதுவரை நோயாளி தீவிர கண்காணிப்பில் இருக்க வேண்டும். மாரடைப்புக்குக் கொடுக்கும் ஜாதி மருந்துதான் இது. கட்டியையும் கரைக்கும், வேறு எங்கேனும் ரத்தம் கசியவும் வைக்கும்.

இரண்டு, எடுப்பது. சில கருவி உறிஞ்சும். சில கருவி உப்புத் தண்ணீரைப் பீய்ச்சி உடைத்து உறிஞ்சும். இன்னொரு கருவி, கட்டிக்கு மேலே போய் வலைப் பை போல விரியும். கீழே இழுத்தால் கட்டி வழித்துக் கொண்டு பையில் விழும். கரைக்கும் மருந்து இல்லாமலே சிலருக்கு முடித்து விடுகிறார்கள்.

தையல் போடும் அளவுக்குக் கூடப் புண் இருக்காது. ஆனால் "எடுத்தாச்சு, இனி மாத்திரை வேண்டாம்" என்பது தப்பு. ரத்தம் உறையாத மருந்தை அதற்குப் பிறகும் சாப்பிட்டே ஆக வேண்டும்.

இடது காலுக்கு ஏன் அதிகம்?

கட்டியை எடுத்த பிறகு சிலருக்கு இன்னொரு விஷயம் தெரிய வரும். குழாய் ஏற்கனவே நசுங்கிக் கிடக்கும்!

இடுப்புக்குள் வலது காலுக்குப் போகும் சுத்த ரத்தக் குழாய், இடது காலில் இருந்து வரும் அசுத்த ரத்தக் குழாய்க்கு மேலே குறுக்கே போகிறது. பின்னால் முதுகெலும்பு. நடுவில் மாட்டிக் கொள்வது இடது குழாய். தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்தது போல.

மே, தர்னர் என்ற இரண்டு டாக்டர்கள் 1957-ல் இதை விளக்கமாக எழுதினார்கள். 430 பிரேதங்களைப் பார்த்ததில், நூற்றுக்கு 22 பேருக்கு அந்த இடத்தில் குழாய்க்குள் தழும்பு கட்டி இருந்தது. நிறையப் பேர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து விடுகிறார்கள். இடது காலில் பெரிய கட்டி வந்தவர்களிடம் இந்த நசுங்கல் இருந்தால், பலூனை ஊதி விரித்து 'ஸ்டென்ட்' வைக்கிறார்கள். இருதயத்துக்கு வைப்பது போலத்தான், ஆனால் அதை விட அகலமானது.

692 பேரிடம் சோதனை

இவ்வளவு ஜோரான வைத்தியம் என்றால் எல்லோருக்கும் செய்து விடலாமே? அப்படித்தான் டாக்டர்களிலும் பலர் நினைத்தார்கள்.

முதலில் நார்வே நாட்டில் 209 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. 2 வருடம் கழித்து, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 56 பேருக்குக் கால் தொந்தரவு. குழாய் வைத்தியமும் சேர்த்துச் செய்தவர்களில் 41 பேருக்கு. குழாய்க்கு வெற்றி!

பிறகு அமெரிக்காவில் 56 ஆஸ்பத்திரிகளில் 692 பேர். குலுக்கல் போட்ட மாதிரி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் பிளட் தின்னர் உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் குழாய் வைத்தியமும் சேர்த்து.

2017 டிசம்பரில் முடிவு வெளியானது. டாக்டர்களுக்கே அதிர்ச்சி! 2 வருடத்தில் குழாய் வைத்தவர்களில் நூற்றுக்கு 47 பேருக்குக் கால் தொந்தரவு. வைக்காதவர்களில் 48. ஏறக்குறைய சமம்!

அது மட்டும் இல்லை. முதல் 10 நாளில் கடுமையான ரத்தக் கசிவு, குழாய் வைத்தவர்களில் நூற்றுக்கு 1.7. வைக்காதவர்களில் 0.3.

அப்படியானால் குழாய் வீணா? அதுவும் இல்லை. தொந்தரவு எத்தனை கடுமை என்று பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. நடுத்தரமும் கடுமையுமான தொந்தரவு, குழாய் வைத்தவர்களில் நூற்றுக்கு 18. வைக்காதவர்களில் 24. கட்டி இடுப்பு வரை ஏறியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் 18-க்கு எதிராக 28.

ஆக, சின்னக் கட்டிக்குக் குழாய் போடுவது செலவும் ஆபத்தும்தான். இடுப்பு வரை அடைத்த பெரிய கட்டிக்கு, வயதும் உடம்பும் இடம் கொடுத்தால், அது பயன்படலாம். கால் நீலம் பாரித்து, உயிர் போகும் வலி என்றால் காலையே காப்பாற்ற அவசரமாகச் செய்ய வேண்டி வரும்.

14 நாள் கெடு

கட்டி புதிதாக இருக்கும்போது ஜெல்லி மாதிரி. நாள் ஆக ஆக ரப்பர் மாதிரி இறுகி, குழாய்ச் சுவரோடு ஒட்டிக் கொள்ளும். அப்புறம் மருந்துக்கும் கரையாது, உறிஞ்சினாலும் வராது.

அதனால்தான் பிரிட்டன் அரசாங்க மருத்துவ அமைப்பு, கரைக்கும் வைத்தியத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறது. கட்டி இடுப்பு, தொடைப் பக்கம் இருக்க வேண்டும். தொந்தரவு ஆரம்பித்து 14 நாளுக்குள் இருக்க வேண்டும். ரத்தக் கசிவு ஆபத்து குறைவாக இருக்க வேண்டும். நடமாட்டம் நன்றாக இருந்த ஆளாக இருக்க வேண்டும்.

இந்த 14 நாளைத்தான் நம் ஊரில் தைலமும் ஒத்தடமும் தின்று விடுகின்றன. முதல் வாரம் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. இரண்டாவது வாரம் சுளுக்கு எடுப்பு. "யானைக்காலோ?" என்று ஒரு பயம். பிறகுதான் ஸ்கேன்.

கட்டி இருக்கும் காலை அழுத்தி உருவினால் துண்டு பிய்ந்து ஓடக் கூடும். சந்தேகம் இருந்தால் உருவவே கூடாது.

வயிற்றுக்குள் ஒரு குடை

பிளட் தின்னரே கொடுக்க முடியாதவர்களும் உண்டு. மூளையில் ரத்தக் கசிவு, வயிற்றில் ரத்தம் கக்கும் புண் என்று. அவர்களுக்கு வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாயில் குடைக் கம்பி மாதிரி ஒரு வடிகட்டியை வைப்பார்கள். இதுவும் ஊசித் துளை வழியாகத்தான். காலில் இருந்து வரும் கட்டியை அது வழியில் மடக்கும்.

டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்சுக்கு 2017 செப்டம்பரில் ஆபரேஷன் மூலம் பிரசவம். மறுநாள் மூச்சு வாங்கியது. அவருக்கு 2011-லேயே நுரையீரலில் கட்டி வந்தது உண்டு. "கட்டிதான், ஸ்கேன் எடுங்கள்" என்று அவரே கேட்டார். காலை ஸ்கேன் செய்தார்கள். ஒன்றும் இல்லை. அவர் விடவில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டிகள்! மருந்து கொடுத்ததில் ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசிந்தது. கடைசியில் இந்த வடிகட்டி வைத்தார்கள்.

குடை வைத்து விட்டு மறந்து விடக் கூடாது. கம்பி உடையலாம், நகரலாம். ஆபத்து நீங்கியதும் எடுத்து விடுங்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-லேயே டாக்டர்களுக்கு எச்சரிக்கை விட்டது.

தையல்காரர் டேப் போதும்

யார் உஷாராக இருக்க வேண்டும்? ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்கள். இடுப்பு, கால் எலும்பு முறிந்தவர்கள். கர்ப்பிணிகள், பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர்கள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். புற்றுநோய்க்காரர்கள். ஒரு தடவை கட்டி வந்தவர்கள். பஸ்சிலோ ரெயிலிலோ 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் வருகிறவர்கள். கல்லாப் பெட்டி முன்னால் காலையில் உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருப்பவர்களும் நடுநடுவே எழுந்து நடப்பது நல்லது.

ஒரு கால் மட்டும் வீங்கினால் சந்தேகம். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குள், இரண்டு காலிலும் ஒரே இடத்தில் டேப்பால் அளந்து பார்க்கலாம். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுத்துக் கொள்கிறார்கள். வித்தியாசம் குறைவாக இருந்தாலும் வலி, சூடு, நிறமாற்றம் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

'டாப்ளர்' ஸ்கேன் எடுப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. கருவியால் அமுக்கிப் பார்ப்பார்கள். நல்ல குழாய் தட்டையாக அமுங்கும். கட்டி இருந்தால் அமுங்காது.

கட்டி என்று தெரிந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை:-

* கட்டி எதுவரை ஏறி இருக்கிறது? கெண்டைக்காலா, தொடையா, இடுப்பா?

* மருந்து மட்டும் போதுமா? குழாய் வைத்தியம் எனக்கு எதனால் தேவை?

* எனக்கு ரத்தக் கசிவு ஆபத்து எவ்வளவு?

* மொத்தச் செலவு என்ன? ஸ்டென்ட் வைத்தால் எவ்வளவு கூடும்?

* வடிகட்டி வைத்தால் எந்தத் தேதியில் எடுப்பீர்கள்?

சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியில் ரத்த நாள அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் போட்டாலோ ஸ்கேனுக்கு நாள் பார்க்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.